பெயில் ஆனது பிள்ளையா, பள்ளிக்கூடமா?

பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து, "நீ தேறவில்லை, இன்னும் ஒரு வருஷம் இதே வகுப்பில் உட்கார்" என்று சொல்லுவதற்கு நமது நாட்டுச் சட்டத்தில் மறுபடியும் இடம் செய்து வைத்திருக்கிறார்கள். 2009-ம் வருஷத்திய கட்டாயக் கல்விச் சட்டத்தின் 16-வது பிரிவானது, எட்டாம் வகுப்பு முடிகிறவரை எந்தப் பிள்ளையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. 2019-ல் அப்பிரிவைத் திருத்தி, 5-ம் வகுப்பிலும் 8-ம் வகுப்பிலும் பரீட்சை வைத்துத் தேறாதவர்களை நிறுத்தி வைக்க சர்க்கார்களுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் தங்கள் கீழுள்ள பள்ளிக்கூடங்களுக்கு விதிகளும் வெளியிட்டார்கள். தேறாத பிள்ளைக்கு இரண்டு மாதத்திற்குள் மறு பரீட்சை. அதிலும் தவறினால் பழைய வகுப்பு என்பதுதான் அவ்விதி. இதனால் கல்வியின் தரம் உயரும் என்று படித்த கனவான்கள் பலர் மெச்சிக்கொள்ளுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை.

சோறு வேகவில்லையென்றால் அடுப்பில் நெருப்பு இருக்கிறதா, உலையில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் எவரும் பார்ப்பார்கள். அரிசிக்குத் தண்டனை விதிப்பவர் யாரும் இல்லை. ஆனால் ஐந்து வருஷ காலம் ஒரு பிள்ளை பள்ளிக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லையென்றால், உபாத்தியாயரைக் கேட்பதில்லை, இன்ஸ்பெக்டரைக் கேட்பதில்லை, சர்க்காரைக் கேட்பதில்லை. கேள்வி முழுவதும் அந்தப் பிள்ளையின் தலையிலேயே விழுகிறது. ஐந்து வருஷத்தில் சொல்லிக் கொடுக்காததை இரண்டு மாதத்தில் சொல்லிக் கொடுத்து விடுவார்களா? முடியுமென்றால் முன்னமேயே ஏன் செய்யவில்லை?

இந்த வியாதி இன்று நேற்று வந்ததல்ல. 1929-ல் அறிக்கை வெளியிட்ட ஹார்ட்டாக் கமிட்டியார், 1922-23-ல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளுக்கு 1925-26-ல் நாலாம் வகுப்பில் 18 பிள்ளைகளே இருந்தார்கள் என்று கணக்குக் காட்டினார்கள். மீதி 82 பேர் என்ன ஆனார்கள்? சிலர் அதே வகுப்புகளில் தேங்கிக் கிடந்தார்கள். மற்றவர்கள் மாடு மேய்க்கவும் கூலிக்கும் போய்விட்டார்கள். முதலாவதற்குத் தேக்கம் என்றும், இரண்டாவதற்கு வீண் என்றும் அக்கமிட்டியார் பெயரிட்டார்கள். நம்மைக் கேட்டால் இவையிரண்டும் ஒரே பாதையின் இரண்டு படிகள் என்றே சொல்லுவோம். தேங்கிய பிள்ளைதான் பிறகு நிற்கிற பிள்ளை. 1966-ல் அறிக்கை தந்த கோத்தாரி கமிஷனாரும் இதே தேக்கத்தைப்பற்றிக் கவலைப்பட்டு, முதல் இரண்டு வகுப்புகளையும் ஒன்றாகவே பாவிக்க வேண்டுமென்று யோசனை சொல்ல வேண்டியதாயிற்று.

புதிய விதியிலும் எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு விலக்கக் கூடாதென்று எழுதியிருக்கிறதே என்பார்கள். வாஸ்தவம். சட்டம் விரட்டாது, வெட்கமும் வறுமையும் விரட்டிவிடும். தன் தம்பி வயதுப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படுகிற பையன் ஒரு நாள் நிற்பான், இரண்டு நாள் நிற்பான், பிறகு வரவே மாட்டான். பெண்ணாயிருந்தால், "படிப்பு ஏறவில்லை, வீட்டு வேலையாவது கற்றுக்கொள்ளட்டும்" என்று பெற்றோரே நிறுத்தி விடுவார்கள்.

அன்றியும், தேறாமற் போகிறவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று யோசிக்க வேண்டும். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கும் ஆபீசர் வீட்டுப் பிள்ளைக்கும் தாயார் ஒரு வாத்தியார், டியூஷன் ஒரு வாத்தியார். அப்பன் பெயரை எழுதத் தெரிந்தவரே இல்லாத குடிசைப் பிள்ளைக்கு, பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு கதியில்லை. இருவருக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, பின்னவன் தவறினால், "அவனுக்கு மூளை அவ்வளவுதான்" என்கிறார்கள். முன்னே பிரம்மா எழுதிய தலையெழுத்து என்றார்கள்; இப்பொழுது அதையே மார்க்குப் பட்டியலில் எழுதுகிறார்கள். 1953-ல் சென்னை மாகாணத்தில் ஆச்சாரியார் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகச் சொன்னார். அத்திட்டம் மறு வருஷமே ஒழிந்தது. பரீட்சையின் பேரால் அப்பன் தொழிலுக்கே பிள்ளையை அனுப்பினால் பலன் ஒன்றுதானே?

நிற்க, எதிர்க்கட்சியார் சொல்லுவதில் ஒரு உண்மை இருக்கிறது. அதை மறைப்பது யோக்கியமாகாது. கிராமங்களில் எடுத்த 'ஏசர்' கணக்குகள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை என்று காட்டுகின்றன. வெட்கப்பட வேண்டிய காரியம்தான். ஆனால் இதற்கு நிறுத்தி வைக்காததுதான் காரணம் என்பது எப்படி? நிறுத்தி வைத்த காலத்தில் 100-க்கு 18 என்பதல்லவா லட்சணம்? ஜப்பானிலும் நார்வேயிலும் பிள்ளைகளை வகுப்பில் நிறுத்தி வைப்பதே கிடையாது. அந்நாட்டார் படிப்பில் நமக்குப் பின்னால் நிற்கிறார்களா? அதே 2009 சட்டம், ஆரம்பப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஒரு உபாத்தியாயர் வேண்டுமென்றும், பிள்ளையின் அறிவை வருஷம் முழுவதும் கவனித்து வர வேண்டுமென்றும் சொல்லிற்று. இந்தக் கடமைகளைச் சரிவரச் செய்யாமலேயே, "பெயில் போடாததால் கெட்டது" என்று கூச்சலிடுவது, மருந்தே கொடுக்காமல் மருந்து பலிக்கவில்லை என்பது போலாகும்.

தமிழ்நாட்டில் 2019 செப்டம்பரில் 5-க்கும் 8-க்கும் பொதுப் பரீட்சை என்று உத்தரவு போட்டு, எதிர்ப்பு வலுத்தபின் 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையிலும் எட்டாம் வகுப்புவரை நிறுத்தி வைப்பதில்லை என்றே கண்டிருக்கிறது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் இதோடு திருப்தியடைந்து தூங்கிவிடக் கூடாது. எழுத்துத் தெரியாத பிள்ளையை நிறுத்தி வைப்பது கொடுமையென்றால், எழுத்துத் தெரியாமலே மேலே தள்ளிவிடுவது மோசடியாகும்.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். "என் பிள்ளை பாசா, பெயிலா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "என் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா, கணக்கு வருகிறதா, வராவிட்டால் நீங்கள் செய்தது என்ன?" என்று பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள். பள்ளி பதில் சொல்லாவிட்டால் ஓட்டுக் கேட்க வருகிறவரைக் கேளுங்கள். பரீட்சை வைத்துத்தான் தீர வேண்டுமென்றால், அப்பரீட்சையில் முதலில் உட்கார வேண்டியது பிள்ளைகள் அல்ல, சர்க்கார்தான்.