விழிப்புணர்வுக்குப் பஞ்சர் ஒட்டுவது யார்?

செஞ்சிக்குக் கொடி புதிதில்லை. 1677-ல் சிவாஜி பிடித்தார். அப்புறம் பல வருஷம் முற்றுகை போட்டு மொகலாயர் பிடித்தார்கள். 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். நடுவில் 1714-ல் தேசிங்கு ராஜா குதிரையோடு போய் உயிரை விட்டார். வந்தவர்கள் எல்லாரும் மலை ஏறினார்கள், கொடி ஏற்றினார்கள், போய்விட்டார்கள். ஊர் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

இப்போது கொடி சைக்கிளில் வருகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோட்டைக்குப் போகும் சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சென்னைப் பக்கமிருந்து முப்பது பேர் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். உடம்பைப் பிடித்த கலர் கலரான உடுப்பு, ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. பின்னாலேயே ஒரு வேன். அதில் வாழைப்பழம், தண்ணீர், பெரிய பேனர். 'புற்றுநோய் விழிப்புணர்வுப் பயணம்.' ராஜகிரி மலை பின்னால் தெரிகிற மாதிரி எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு பையனிடம் கேட்டேன், "எதுவரைக்கும் தம்பி?"

"திருவண்ணாமலை அங்கிள். சாரிட்டி ரைடு."

"எவ்வளவு சேர்ந்தது?"

"ஆர்கனைசரைத்தான் கேக்கணும்."

கேட்டேன். அவர் சிரித்தார். "பணம் முக்கியமில்லை சார். விழிப்புணர்வுதான் முக்கியம்." அப்படியானால் கட்டணம்? அது டி-ஷர்ட்டுக்கும் மெடலுக்கும் சாப்பாட்டுக்கும் வேனுக்கும் சரியாகப் போய்விட்டதாம். புற்றுநோய்க்காரருக்கு? "மீதி இருந்தா குடுப்போம்."

அவர்கள் கிளம்பிப் போனதும் டீ மாஸ்டர் சொன்னார்: "நானுந்தான் சார் தெனம் 14 கிலோமீட்டர் மிதிக்கிறேன். எனக்கு யாரு பேனர் கட்டறது?"

உடனே, "நல்லது செய்பவர்களை நொட்டை சொல்கிறான்" என்று என்மேல் பாயாதீர்கள். சென்னையிலிருந்து செஞ்சிக்கு 150 கிலோமீட்டருக்குக் குறையாது. அதை மிதிக்கிற கால்களுக்கு என் வணக்கம். என் சண்டை காலோடு இல்லை, கணக்கோடு.

என் தங்கை மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அவனும் நான்கு நண்பர்களும் எல்பே ஆற்றங்கரைப் பாதையில் ட்ரெஸ்டனிலிருந்து ஹாம்பர்க் வரை சைக்கிளில் போனார்கள். கிளம்பும் முன் போன் செய்தான். "மாமா, கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு எதாவது குடுங்க. நோயாளிக் குழந்தைங்களுக்கு." சாப்பாடு, தங்கல், பஞ்சர் எல்லாம் அவரவர் பாக்கெட்டிலிருந்து. திரும்பி வந்த வாரமே ரசீது வந்தது. நான் கொடுத்தது ரசீதில் அப்படியே இருந்தது, ஒரு சென்ட் குறையவில்லை.

ஐந்து பேர் என்பதால் சுலபம் என்பீர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-ல் 36 பேர் இதே மாதிரி ஒரு பயணம் தொடங்கினார்கள். பெயர் பான்-மாஸ் சேலஞ்ச். இன்றைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டுகிறார்கள். ஓட்டுபவர் இவ்வளவு திரட்டியே ஆகவேண்டும் என்று கட்டாயம் உண்டு. நடத்துகிற செலவு தனி. திரட்டிய நன்கொடை முழுதும் டேனா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்கு. இதுவரை 100 கோடி டாலருக்கும் மேல் போயிருக்கிறது. அவர்களும் டி-ஷர்ட் போடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். கணக்கும் காட்டுகிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பெடல் இல்லாத இரண்டு சக்கர வண்டியை 1817-ல் மன்ஹைம் நகரத்தில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய நாடு ஜெர்மனி. அங்கே 2020-லிருந்து சட்டமே இருக்கிறது: சைக்கிளை முந்துகிற கார் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளித்தான் போகவேண்டும். திண்டிவனம் சாலையில் நம் பால்காரரை முந்துகிற பஸ்ஸுக்கு ஒன்றரை ஜாண் போதும்.

சைக்கிளால் சமூகத்தை மாற்ற முடியாதா? நம் ஊரிலேயே மாற்றியிருக்கிறோம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் 30 சதவீதம் கூடினார்கள் என்று கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2001-லேயே இலவச சைக்கிள் வந்துவிட்டது. அங்கெல்லாம் யாரும் 'விழிப்புணர்வு' ஏற்படுத்தவில்லை. சைக்கிளைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கொடுத்த பிறகு? அதே ஞாயிற்றுக்கிழமை, அதே டீக்கடை வாசலில் ஒரு பிளஸ் டூ பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். பின் சக்கரம் தரையோடு ஒட்டியிருந்தது. "ஏம்மா, ஏறி ஓட்டலையா?" "டயரு, டியூபு ரெண்டும் போச்சு சார். எங்க ஊர்ல சைக்கிள் கடைய மூடிட்டாங்க. இங்கதான் வரணும்." ஏழு கிலோமீட்டர் உருட்டியிருக்கிறாள். "பஸ் ஃப்ரீதானே?" "ஃப்ரீதான் சார். ஆனா ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சா பஸ்ஸே இல்லையே."

முப்பது சைக்கிள்களும் வேனும் அவளைத் தாண்டித்தான் போயிருக்கும். வேனில் பம்ப் இருந்தது, ஸ்பேனர் இருந்தது, மெக்கானிக்கும் இருந்தார். பயணத்தின் பெயர் தர்மம். ஆனால் தர்மம் செய்ய வேண்டிய இடம் வந்தபோது யாரும் பிரேக் பிடிக்கவில்லை.

"ஆளுக்கொரு சைக்கிளைச் சரிசெய்தால் புற்றுநோய் போய்விடுமா?" என்று ஆர்கனைசர் கேட்கலாம். போகாது. ஆனால் பேனரைப் பார்த்தாலும் போகாது சார். செஞ்சிக்காரருக்குப் புற்றுநோய் என்றால் என்ன என்று தெரியும். அடுத்த தெருவில் பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரியாதது, பரிசோதனைக்கு எங்கே போவது, போகவர பஸ் செலவுக்கு யார் கொடுப்பார் என்பதுதான். அதைச் சொல்கிற ஒரு துண்டுச்சீட்டுகூட அந்த வேனில் இல்லை.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். இனி இன்னும் நிறைய சைக்கிள்கள் வரும். வரட்டும். மூன்றே மூன்று விண்ணப்பம்.

ஒன்று, தர்மம் என்று சொன்னால் வரவு செலவை அதே பேனரில் எழுதுங்கள். முடியாதென்றால் 'ஜாலிப் பயணம்' என்று போடுங்கள். அதில் ஒன்றும் தப்பில்லை, நானே கைதட்டுவேன். இரண்டு, ஊருக்குள் போட்டோவுக்கு நிற்கிற நேரத்தில் ஒரு அரசுப் பள்ளி வாசலில் வேனை நிறுத்தி, கெட்டுப்போன சைக்கிள்களுக்கு டயர் மாற்றிக் கொடுங்கள். மூன்று, உங்களுக்குக் கலெக்டரையும் எம்.எல்.ஏ.வையும் தெரியும், டீ மாஸ்டருக்குத் தெரியாது. கொடியசைக்க அவர்களைக் கூப்பிடும்போது, சாலையோரத்தில் சைக்கிளுக்கு ஒரு பட்டை இடமும் கேளுங்கள். அது உங்களுக்கும் பயன்படும்.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு டயர் மாற்றிக் கொடுத்தது யார் தெரியுமா? டீ மாஸ்டரின் மச்சான். கூலி வாங்கவில்லை. போட்டோவும் எடுக்கவில்லை.