நெட்டி முறிந்தால் எலும்பு கூடிவிடுமா?

கழுத்து வலியென்று போனவரின் மேல் முதுகில் கை வைத்து வைத்தியர் திடீரென்று ஒரு தள்ளு தள்ளுகிறார். நெட்டி முறிவதுபோல் சப்தம் கேட்கிறது. வலியும் சற்றுக் குறைகிறது. உடனே, “எலும்பு விலகியிருந்தது, கூட்டிவிட்டோம்” என்கிறார்கள். வலி குறைந்தது நிஜம். சொன்ன காரணம் நிஜமா என்பதே நமது கேள்வி.

இக்காரணத்தைப் பெரிதாகப் பரப்பியவர் அமெரிக்காவில் காந்த வைத்தியம் செய்துவந்த டி. டி. பால்மர். 1895-ம் வருஷம் டேவன்போர்ட் நகரில் ஒரு செவிடரின் முதுகெலும்பைத் தள்ளிக் காது கேட்கச் செய்ததாகச் சொல்லிக் கொண்டார். நோய்களில் நூற்றுக்கு 95 எலும்பு விலகுவதால் வருகின்றன என்று எழுதினார். 1911-ல் இதை ஒரு மதமாகவே ஆக்கிவிடலாமென்றும் யோசித்தார்! காது நரம்போ மண்டை ஓட்டுக்குள்ளேயே மூளையைச் சேருகிறது. முதுகுப் பக்கம் வருவதே இல்லை. அப்படியிருக்க முதுகைத் தள்ளினால் செவிடு தீருவதெப்படி?

சப்தமும் எலும்பு கூடும் சப்தமல்ல. மூட்டிலுள்ள நீரில் திடீரென்று ஒரு வாயுக்குழி உண்டாவதை, விரலில் சொடக்கு எடுக்கும்போது 2015-ல் எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தே விட்டார்கள்.

காரணம் புரட்டு என்பதற்காகச் சிகிச்சையையே தள்ளிவிட நாம் சொல்லவில்லை. மேல் முதுகைத் தள்ளுவதால் கழுத்து வலி சில காலம் குறைவதைப் பரீட்சைகள் காட்டியிருக்கின்றன. இது யாருக்குப் பலிக்குமென்று முன்கூட்டியே அறிய, 2007-ல் கிளீலண்ட் என்ற அமெரிக்க அறிஞரும் அவரது தோழர்களும் ஆறு அடையாளங்களை வகுத்தார்கள். 2010-ல் அவர்களே 140 பேரிடம் அவற்றைச் சோதித்தார்கள். அடையாளங்கள் நிலைக்கவில்லை. ஆனால் தேகப்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, அதோடு முதுகுச் சிகிச்சையும் பெற்றவர்கள் அதிக நன்மை அடைந்தார்கள். இரண்டையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். தன் ஜோசியம் பொய்த்ததென்று தானே அச்சிட்ட ஜோசியன் எவனாவது உண்டா?

தோழர்களே! முதுகைத் தள்ளுவது வேறு, கழுத்தையே திருகுவது வேறு. கழுத்தைத் திருகியதால், அபூர்வமாயினும், மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. ஆகவே சவரக்கடையிலாயினும் வேறெங்காயினும் தலையைத் திருகக் கொடாதீர்கள். கீழே விழுந்த அடியோ, காய்ச்சலோ, கை மரத்துப் போவதோ இருந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள்.

கை வைத்தியரிடம் பணத்தை நீட்டுமுன், “எலும்பு விலகியதற்கு ருசு என்ன? குணம் எத்தனை நாள் நிற்கும்? நான் செய்ய வேண்டிய பயிற்சி என்ன?” என்று கேளுங்கள். நோயில்லாவிட்டாலும் மாதாமாதம் எலும்பைக் கூட்டிக்கொள்ள வா என்பவரை விட்டு விலகுங்கள். வலி தீர முதுகைக் கொடுக்கலாம்; அறிவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.