245 அடிச்சும் தோல்வி, 111 அடிச்சு வெற்றி: மூணே நாளில் பஞ்சாப்புக்கு என்ன நடந்தது?

அனுப்பர்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச் ஆடுற பசங்களிடம் கேட்டுப் பாருங்கள். 'முதல்ல பேட்டிங் குடுங்கண்ணா' என்பார்கள். பந்து வீச யாரும் அடித்துக்கொள்வதில்லை. டி20 என்றாலே சிக்ஸர்தான் என்று ஆகிவிட்டது. ஆனால் 2025 ஐபிஎல்லில் நடந்த ஒரு மேட்ச் இதைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது.

என்ன நடந்தது?

ஏப்ரல் 12, ஹைதராபாத். பஞ்சாப் கிங்ஸ் 245 ரன் குவித்தது. அபிஷேக் சர்மா 141 ரன் விளாச, சன்ரைசர்ஸ் அதை 18.3 ஓவரிலேயே எட்டிவிட்டது.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 15, முல்லன்பூர். கொல்கத்தாவுக்கு எதிராக பஞ்சாப் 15.3 ஓவரில் 111 ரன்னுக்கு ஆல் அவுட். 'அவ்ளோதான், முடிஞ்சுது' என்று டிவியை அணைத்தவர்கள் ஏராளம். ஆனால் கொல்கத்தா 95 ரன்னில் சுருண்டது. 16 ரன் வித்தியாசத்தில் பஞ்சாப் வெற்றி!

மேட்ச் எங்கே திரும்பியது?

எட்டாவது ஓவரில் கொல்கத்தா 62/2. இன்னும் 50 ரன்தான் தேவை. அப்போதுதான் சஹல் பந்தில் கேப்டன் ரஹானே எல்பிடபிள்யூ. அவர் ரிவியூ கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பியிருப்பார் என்று ரீப்ளே காட்டியது. அடுத்த 17 ரன்னுக்குள் மேலும் ஐந்து விக்கெட் சரிய, ஸ்கோர் 79/8. சஹல் 4 விக்கெட், யான்சன் 17 ரன் கொடுத்து 3 விக்கெட்.

சின்ன இலக்கு ஏன் சில நேரம் கஷ்டம்?

பெரிய இலக்கு என்றால் பேட்டருக்குக் குழப்பமே இல்லை, அடித்தே ஆக வேண்டும். 112 ரன் என்றால், அடிக்கலாமா நிதானிக்கலாமா என்ற தடுமாற்றம் வந்துவிடுகிறது. பந்து வீசும் அணிக்கோ ஒரே வழிதான்: விக்கெட். ரன் போனாலும் பரவாயில்லை என்று ஃபீல்டர்களை பேட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். பந்து திரும்புகிற பிட்ச்சில் சஹல் வேகத்தைக் குறைத்து, பேட்டரை ஏமாற்றி ஆடவைத்தார். முதல் மூன்று ஓவரில் அவர் கொடுத்தது வெறும் 12 ரன்.

இது எவ்வளவு பெரிய சாதனை?

ஐபிஎல் வரலாற்றில் முழு 20 ஓவர் மேட்ச்சில் வெற்றிகரமாகத் தடுக்கப்பட்ட மிகக் குறைந்த ஸ்கோர் இதுதான். இதற்கு முந்தைய சாதனை நம்ம சிஎஸ்கே கையில் இருந்தது. 2009-ல் டர்பனில் 116 ரன் மட்டும் எடுத்து, இதே பஞ்சாப்பை 92-ல் நிறுத்தினார்கள். அன்று முத்தையா முரளிதரன் நான்கு ஓவரில் கொடுத்தது 8 ரன்தான்.

இன்னொரு வேடிக்கை: 2024-ல் இதே கொல்கத்தாவுக்கு எதிராக 262 ரன்னைத் துரத்திப் பிடித்து சாதனை படைத்ததும் பஞ்சாப்தான்.

நமக்கு என்ன?

2025 டிஎன்பிஎல் இறுதிப் போட்டியில் திருப்பூர் தமிழன்ஸ் எடுத்த 220 ரன்தான் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் திண்டுக்கல்லை 102-ல் சுருட்டி, 118 ரன் வித்தியாசத்தில் கோப்பையை உறுதி செய்தது பவுலர்கள். பேட்டர் அடித்தால் மேட்ச் நம் பக்கம் வரும். அதை முடித்துக் கொடுக்க பவுலர் வேண்டும். அடுத்த ஞாயிறு பந்தை யாராவது முதலில் கேட்டு வாங்கட்டும்!