ஆறாவது இடத்தில் வாலின்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். சாப்பிட்ட கையோடு மட்டும் குடிக்காதீர்கள். டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள் சாப்பாட்டு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். வகுப்பில் வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை.

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்குத் தம்பி மகள் போன் பண்ணினாள். கோயம்புத்தூரில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். மறுநாள் மெட்டபாலிசம் பேப்பர். "அத்தை, கிளைகாலிசிஸ் பத்து ஸ்டெப்பும் என்சைம் பேரோட எழுதினாத்தான் முழு மார்க்கு. எட்டுக்கு மேல மறந்து மறந்து போகுது. இதையெல்லாம் எதுக்குத்தான் படிக்கிறோம்?" என்று அழாத குறை. நானும் பழக்க தோஷத்தில் மனப்பாடம் பண்ண ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்து, "தைரியமா எழுதுடா" என்று போனை வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. அவள் கேட்டது குறுக்குவழி இல்லையே. "எதுக்கு" என்றுதானே கேட்டாள்?

முப்பது வருஷத்துக்கு மேல் இதே பாடத்தை இந்த மலையில் நடத்தியவள் நான். அந்த "எதுக்கு"க்கு என்னிடம் பதில் இருந்தது. கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

எந்த வருஷம் என்று எழுதமாட்டேன். பழங்குடிக் குடும்பத்துப் பெண். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள், ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். நல்ல கையெழுத்து, ரெக்கார்ட் நோட்டு அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் மார்கழி, தை வந்தால் ஆளைக் காணோம். கேட்டால் கை கால் குடைச்சல், எலும்பு வலி என்பாள். கண்ணில் லேசாக மஞ்சள் தட்டியிருக்கும். "குளிருக்கு எல்லாருக்கும்தான் வலிக்குது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் பட்டியலில் அவள் பெயரை என் கையால்தான் எழுதினேன்.

அதே செமஸ்டரில் பயோமாலிக்யூல்ஸ் பேப்பரில் புரதம் நடத்தினேன். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வாலின் வந்துவிட்டால் அரிவாள் செல் ரத்தசோகை. போர்டில் எழுதி இரண்டு கோடு போட்டு, "ஐந்து மார்க் கேள்வி, கட்டாயம் வரும்" என்றேன். அவளும் எழுதிக்கொண்டாள். இன்டர்னலில் அந்தக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கினாள். இரண்டாம் வருஷம் பாதியில் படிப்பை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்கு அந்த நோய் இருந்தது என்று நான் சொல்லவில்லை. யாரும் அவளுக்குப் பரிசோதனை செய்யவில்லை, செய்யச் சொல்லி நானும் அனுப்பவில்லை. எலும்பு வலி, மஞ்சள் கண், குளிரில் மோசமாவது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். ஐந்து மார்க் விடை ஒரு நோட்டிலும் அந்தப் பெண் இன்னொரு பட்டியலிலும் என்று பிரித்து வைத்துவிட்டேன்.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது ஒரு பயிற்சி வகுப்புக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் இந்தியாவில் அரிவாள் செல் முதலில் எங்கே கண்டறியப்பட்டது என்று படித்தேன். 1952. இடம், நம் நீலகிரி! லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதே வருஷம் அசாமில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது இருப்பதாக இன்னொரு கட்டுரை வந்தது. லைனஸ் பாலிங்கும் கூட்டாளிகளும் மின்புலத்தில் ஹீமோகுளோபினை ஓடவிட்டு, இது மூலக்கூறில் உள்ள கோளாறு என்று சொன்னது 1949இல். அந்தக் கோளாறு ஒரே ஒரு அமினோ அமிலம்தான் என்று இன்கிராம் காட்டியது 1957இல். உலகமே புரிந்துகொண்டிருந்த காலத்திலேயே நம் மலையின் பெயரும் அந்தக் கதையில் இருந்திருக்கிறது. நான் அமெரிக்கக் கதையாக, ஆப்பிரிக்கக் கதையாக நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பாடப்புத்தகத்தில் ஆப்பிரிக்கப் படம்தான் இருந்தது. அதற்கு மேல் தேட எனக்குத் தோன்றவில்லை.

இப்போது தம்பி மகளின் கிளைகாலிசிஸுக்கு வருகிறேன். அதுவும் இதே கதைதான்.

சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அதற்குச் சோறு போடுவது கிளைகாலிசிஸ் மட்டும்தான். அந்தப் பத்துப் படிகளின் நடுவில் சிவப்பணு ஒரு சந்து வழி வைத்திருக்கிறது. 1,3-பிபிஜியை நேராக அடுத்த படிக்கு அனுப்பாமல் 2,3-பிபிஜியாக மாற்றும். அதனால் அங்கே கிடைக்க வேண்டிய ஏடிபி கையைவிட்டுப் போகும். ஏன் இந்த நஷ்டம்? 2,3-பிபிஜி ஹீமோகுளோபினின் நடுக்குழியில் போய் உட்கார்ந்து ஆக்சிஜனைக் கீழே இறக்கிவைக்கச் செய்கிறது. 1967இல்தான் இது தெளிவானது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. கீழேயிருந்து உயரத்துக்கு வருகிறவரின் சிவப்பணுக்களில் ஓரிரு நாளிலேயே 2,3-பிபிஜி கூட ஆரம்பிக்கும். சாதாரண ஆளுக்கு அது உதவி. ஆனால் ஆறாவது இடத்தில் வாலின் உள்ளவருக்கு? ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்தான் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பி கம்பியாக நீண்டு, அணுவை அரிவாள் மாதிரி வளைக்கிறது. நமக்கு உதவுகிற 2,3-பிபிஜி அவருக்கு எதிராளி. குளிர், உடம்பில் தண்ணீர் குறைவது, ஆக்சிஜன் குறைவது மூன்றும் அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவரை மார்கழி மாதம் ஊட்டி ஹாஸ்டலில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

தம்பி மகள் மறந்துபோகிறேன் என்றாளே பத்தாவது ஸ்டெப், அதன் என்சைம் பைருவேட் கைனேஸ். அதைத் தட்டி வேகப்படுத்தினால் ஏடிபி கூடும், மேலே தேங்கும் 2,3-பிபிஜி குறையும். இந்தக் கணக்கை வைத்தே மருந்து செய்திருக்கிறார்கள். மிட்டாபிவாட் என்று பெயர். அந்த என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களின் ரத்தசோகைக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அரிவாள் செல் நோயாளிகளுக்கும் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். பத்தாவது ஸ்டெப்பை எதுக்குப் படிக்கிறோம் என்றால் இதுக்குத்தான். அன்று ராத்திரி இதைச் சொல்லியிருந்தால் அவளுக்கு மறந்திருக்காது.

மனப்பாடமே கூடாது என்கிற கட்சி இல்லை நான். பெயர் தெரியாமல் எதையும் யோசிக்க முடியாது. கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று மலை ரயில் நிலையங்களை நம் பிள்ளைகள் வரிசை மாறாமல் சொல்வார்கள். யாரும் உட்கார்ந்து படித்ததில்லை, போய்வந்ததில் தெரிந்தது. சீசனில் வண்டிகளை பர்லியார், குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள் இல்லையா? குளுக்கோஸ் பைருவேட்டாக இறங்குவதும், பட்டினி கிடக்கும்போது கல்லீரல் பைருவேட்டைத் திரும்பக் குளுக்கோஸாக ஏற்றுவதும் அப்படித்தான். மூன்று இடத்தில் ஒருவழிப்பாதை, அங்கே சுற்றுப்பாதையில்தான் திரும்ப முடியும், மற்றபடி சாலை ஒன்றுதான். இந்த ஒன்றை மட்டும் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைக்கிறேன். பத்து வருஷம் கழித்துப் பார்க்கிறவர்கள்கூட "கோத்தகிரி ரோடு மேடம்" என்று சிரிக்கிறார்கள்.

பாடத்திட்டம் முதல் செமஸ்டரில் சர்க்கரை, புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என்று உயிர் மூலக்கூறுகளை உட்காரவைத்துவிட்டு, மூன்றாவது நான்காவது செமஸ்டரில்தான் வளர்சிதை மாற்றத்தை ஓடவிடுகிறது. நடுவில் ஒரு வருஷம் போய்விடும். மோலிஷ் டெஸ்டில் ஊதா வளையம் பார்த்த குளுக்கோஸும் கிளைகாலிசிஸின் முதல் வரியில் நிற்கும் குளுக்கோஸும் ஒன்றுதான் என்பதே பாதிப் பேருக்கு உறைப்பதில்லை. எங்கள் பிராக்டிகலில் வாங்கிய ரசாயனங்களை வைத்து நிறம் பார்த்தோம். பக்கத்து பேக்டரியில் கொழுந்தை நசுக்கிப் போட்டதும் பச்சை செம்பு நிறமாவது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற என்சைமின் வேலை. பேக்டரிக்காரர்கள் அதைப் புளிக்கவைப்பது என்பார்கள், ஆனால் அதில் நுண்ணுயிரிக்கு வேலையே இல்லை. இதைப் பார்க்கக்கூட ஒரு தடவைக்கு மேல் பிள்ளைகளைக் கூட்டிப்போகவில்லை.

குன்னூரில் சிம்ஸ் பார்க்குக்கு எதிரே பாஸ்டர் நிலையம் இருக்கிறதே, வெறிநாய்க்கடி ஊசிக்காகத்தான் எல்லோருக்கும் தெரியும். 1918இல் அங்கே ஒரே அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்த அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஆனது. ஐம்பதுகளின் கடைசியில் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. பெரிபெரி என்றால் என்ன? தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு தயமின் போய்விடும். தயமின் இல்லாமல் பைருவேட் அசிட்டைல் கோஏ ஆக முடியாது. கிரெப்ஸ் சுழற்சியின் வாசலிலேயே வண்டி நின்றுவிடும். முதலில் அடிவாங்குவது நரம்பும் இதயமும். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தினால் தயமின் அரிசிக்குள் இறங்கிக்கொள்ளும். நம் பாட்டிமார் பழக்கத்தில் செய்தார்கள், குன்னூரில் அதன் காரணத்தை அளந்து பார்த்தார்கள். வகுப்பிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம். நானோ பைருவேட் டீஹைட்ரஜனேஸுக்கு ஐந்து துணைக்காரணிகள் என்று ஒப்பிக்க வைத்தேன்.

இன்று கல்லூரிகளில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். போர்ஷன் முடியாது, கேள்வித்தாள் வெளியிலிருந்து வருகிறது, விடையில் படிகள் இருந்தால்தான் மார்க்கு போடுவார்கள். உண்மைதான், நானும் இதையேதான் சொன்னேன். ஆனால் "இது முதலில் நம் மலையில்தான் கண்டறியப்பட்டது" என்று சொல்ல ஐந்து நிமிஷம் போதும். இன்டர்னல் கேள்வித்தாள் உங்கள் கையில்தானே இருக்கிறது? "பத்துப் படிகளை எழுதுக" என்பதற்குப் பதிலாக, "ஊட்டிக்கு வந்த இரண்டாம் நாள் ஒருவரின் சிவப்பணுவில் என்ன மாறும், ஏன்?" என்று கேளுங்கள். பத்துப் படி தெரியாதவரால் அதை எழுத முடியாது.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. வகுப்பில் யாரையும் கைகாட்டி "உங்க ஆளுங்களுக்கு இது வரும்" என்று சொல்லிவிடாதீர்கள். அது நான் செய்ததைவிட மோசம். பொதுவில் பாடமாகச் சொல்லுங்கள், தனியாகக் கூப்பிட்டு அக்கறையாக விசாரியுங்கள். ஒற்றை மரபணு மட்டும் உள்ளவர்கள் பெரும்பாலும் நல்ல ஆரோக்கியமாகவே இருப்பார்கள். அப்பா, அம்மா இருவருக்கும் அது இருந்தால்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. 2023 ஜூலையில் மத்திய அரசு 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது, 2047க்குள் ஒழிப்பது இலக்கு. நம் பக்கத்தில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பல வருஷமாக இந்த நோயாளிகளைப் பார்த்துவருகிறது. ஹைட்ராக்சியூரியா மாத்திரையால் வலி வரும் நாட்கள் வெகுவாகக் குறைகின்றன. என் மாணவி வகுப்பில் இருந்த காலத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனை இருந்தது. சொல்ல ஆள்தான் இல்லை.

தம்பி மகளுக்கு நேற்று இதையெல்லாம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அத்தை, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

அந்தப் பெண்ணோடு படித்த பிள்ளைகளுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். இப்போது எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அவள் பெயரைக் கீழே கமெண்டில் போட வேண்டாம். என் நம்பர் மாறவில்லை, கூப்பிடுங்கள்.