மண்ணுள் உறையும் மதுச்சாடி

மதுவைப் பற்றி எழுதப் புகுந்தால் நம் இல்லங்களில் முகஞ்சுளிப்போர் பலர். அது நியாயமே. குடியினாற் குலைந்த குடும்பங்களைக் காணாத ஊர் நம்மிடையே ஏது? ஆயினும், ஒரு நாட்டின் உழவும் மட்கலத் தொழிலும் வரலாறும் ஒரு பானத்தினுள் அடங்கியிருக்குமாயின், அதனை அறிந்துகொள்வதில் இழுக்கொன்றுமில்லை. ஜோர்ஜியா நாட்டின் திராட்சை மது அத்தகையது.

அந்நாட்டின் தலைநகரான திபிலிசிக்குத் தெற்கேயுள்ள புராதனக் குடியிருப்புகளிற் கிடைத்த மட்கல ஓடுகளில், திராட்சை மதுவின் எச்சம் படிந்திருந்ததை ஆய்வாளர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வோடுகளின் வயது ஏறக்குறைய 8,000 ஆண்டுகள்.

நாட்டின் கிழக்கேயுள்ள கக்கேத்திப் பகுதியில், ஒரு குடும்பத்தார் நடத்தும் சிறு மதுச்சாலையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பெரிய இயந்திரம் எதனையும் அங்கே காணவில்லை. தரையில் வட்டமான வாய்கள் சில தெரிந்தன. கழுத்தளவு புதைக்கப்பட்ட மண்சாடிகளின் வாய்கள் அவை. ‘குவெவ்ரி’ என்பது அச்சாடியின் பெயர். அதன் அடி கூம்பியது. உட்புறம் தேன்மெழுகு பூசப்பெற்றது. நசுக்கிய பழத்தைத் தோலோடும் விதையோடும் உள்ளே இட்டு, நொதித்தல் அடங்கிய பின் வாயை மூடி, ஐந்தாறு திங்கள் விட்டுவிடுகின்றனர். சூழ்ந்திருக்கும் மண் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கின்றது. விதைகள் கூம்பிய அடியிற் சென்று தங்குகின்றன.

சுவை பார்த்தல் வேறு, குடித்தல் வேறு. முதலிற் கண், அடுத்து மூக்கு, அதன் பின்னரே நா. தேர்ச்சி பெற்றோர் வாயிற் கொண்டதை விழுங்காது உமிழ்ந்துவிடுவர். மயங்கிய நா தீர்ப்பளிக்க இயலாதன்றோ? குடிப்பழக்கமில்லாத எனக்கு அம்முறை பெரிதும் உதவியது. ‘றுக்காட்சித்தெலி’ என்னும் வெண்திராட்சையின் மது, வெறுந்தேநீரின் பொன்னிறத்தில் இருந்தது. நாவில் முதற்கண் உணர்ந்தது துவர்ப்பு. தோலும் விதையும் தந்த சுவை அது. பாக்கு மென்று பழகிய நமக்குப் புதியதன்று. அடுத்து வந்தது ‘சப்பெராவி’. நிறமூட்டுவது என்பது அப்பெயரின் பொருள். அப்பழத்தின் தோல் மட்டுமன்றிச் சதையும் சிவந்தது.

இம்முறை அருகிப்போகும் நிலையை அடைந்ததும் உண்டு. சோவியத் ஆட்சிக் காலத்துப் பேராலைகள் அளவையே நாடின. 500க்கு மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை இனங்களுட் சிலவே அவற்றுக்கு வேண்டியிருந்தன. 1985இல் தொடங்கிய மதுவெதிர்ப்பு இயக்கத்திற் பல தோட்டங்கள் அழிக்கப்பட்டன. 2006இல் ரஷ்யா ஜோர்ஜிய மதுவின் இறக்குமதியைத் தடுத்தது. அத்தடை 2013 வரை நீடித்தது. இவ்வளவுக்கும் இடையில் சாடியைக் கைவிடாது காத்தவர்கள், தம் வீட்டுத் தேவைக்கென மது செய்துவந்த உழவர்களே. 2013இல் யுனெஸ்கோ நிறுவனம் அம்முறையை மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

பட்டியலிற் பெயர் ஏறியதனாற் சாடி உண்டாகிவிடாது. களிமண்ணைச் சுற்றுச் சுற்றாக ஏற்றி, ஒவ்வொரு சுற்றும் சற்று உலரும்வரை காத்திருந்து, வாரக்கணக்கில் வனையும் குயவர் வேண்டும். அத்தொழிலை அறிந்த குடும்பங்கள் இன்று மிகச் சிலவே. மாணவர்களே, மதுவை விலக்குங்கள், அதுவே நன்று. ஆனால், அக்குயவரின் கையறிவை மதிக்கத் தவறாதீர்கள். அதனைக் கற்பதற்கு ஓர் இளைஞன் முன்வராவிடின், எந்நூலகமும் அதனை மீட்டுத் தாராது.