2 ஜிபி ரேமும் என் வாய்க்கொழுப்பும்

"மாமா, லினக்ஸ் போட்டா பழைய கம்ப்யூட்டர் பறக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

கடலூர்லேர்ந்து பஸ் ஏறி புதுச்சேரி வந்த அக்கா பொண்ணு, மடிக்கணினியை மேசைமேல வச்சுட்டுக் கேட்ட முதல் கேள்வி இது. தமிழக அரசு 2011ல் ஆரம்பிச்ச இலவச மடிக்கணினித் திட்டத்துல, ப்ளஸ்டூ படிச்சப்போ அவளுக்குக் கிடைச்சது. 2 ஜிபி ரேம். இப்போ அதை வச்சுத்தான் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். போன தடவை ஆர்வக்கோளாறில் உபுண்டு 24.04 போட்டுக் கொடுத்தது அடியேன்தான். அதுக்கு 4 ஜிபி வேணும்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. நான் எங்கே படிச்சேன் :-(

கடையில காட்டினா, "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க"ன்னு பதில். அவகிட்ட ஏது காசு?

உலாவியில நாலு பக்கம் திறந்தேன். எலிக்குட்டி அசையலை, வன்தட்டு விளக்கு மட்டும் அணையாம எரியுது. முனையத்துல 'ஃப்ரீ' கட்டளை கொடுத்துப் பார்த்தேன். அதுல 'ஃப்ரீ'ங்கிற எண் குறைவா இருந்தா பயப்படாதீங்க. சும்மா கிடக்கிற ரேமை லினக்ஸ் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்'. அதுவும் காலி! இடம் இல்லாம எல்லாத்தையும் வன்தட்டுல இருக்கிற ஸ்வாப்புக்குத் தள்ளி, திரும்ப எடுத்து... ரேம் ரயில்னா வன்தட்டு மாட்டுவண்டி.

செஞ்சது மூணு. க்னோமுக்குப் பதிலா எல்எக்ஸ்க்யூடி. அடுத்தது ஜெட்ரேம்: வன்தட்டுக்குப் போக வேண்டியதை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். 2014லேர்ந்து லினக்ஸ் கெர்னல்லயே இருக்கு. ஃபெடோரா 2020லேர்ந்து தானாவே போட்டுத் தருது. கடைசியா, காலியா இருந்த இடத்துல பழைய 4 ஜிபி டிடிஆர்3 ஒண்ணு. உண்மையச் சொல்லணும்னா முதல் ரெண்டும் மூச்சு விட வச்சுது, மூணாவதுதான் பிழைக்க வச்சுது. 'ஸ்வாப்பினஸ்ஸை 10 ஆக்கு'ன்னு சிலர் சொல்வாங்க. சோறே பத்தலைங்கிறப்போ கரண்டியை மாத்தி என்ன பிரயோஜனம்?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிஞ்சதிலேர்ந்து, பழைய கணினி வச்சிருக்கிறவங்களுக்கெல்லாம் லினக்ஸ்காரங்க நாம "பறக்கும்"னு வாக்குக் கொடுத்துட்டு இருக்கோம். கொடுக்கிறதுக்கு முன்னாடி "ரேம் எவ்வளவு?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கேட்காம போட்டுக் கொடுத்தா, லினக்ஸே மெதுவுன்னுதான் ஊர்ல பேச்சாகும். நல்ல மெஷின் குப்பைக்குப் போகும்.

"பறக்கலை மாமா, ஆனா ஓடுது"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினாள். பரீட்சைக்கு அது போதும் :-)