செல்போனில் பாடம்: ஆசிரியர்கள் தயங்குவது ஏன்?

பள்ளிக்கூடத்துக்குப் பையன் செல்போன் கொண்டுபோனால் அடி விழும். ஆனால், அதே செல்போனில்தான் இப்போது பாடமும் வருகிறது! இது நல்லதா, கெட்டதா?

தமிழ்நாட்டில் 2018-ம் ஆண்டு புதிய பாடப்புத்தகங்கள் வந்தன. அவற்றில் கறுப்புக் கட்டங்கள் நிறைந்த சிறு சதுரம் அச்சாகி இருக்கிறது. அதன் பெயர் கியூ.ஆர். குறியீடு. செல்போனை அதற்கு நேரே காட்டினால், பாடத்தை விளக்கும் படம் ஓடும்.

இருதயம் துடிப்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்ட முடியுமா? படத்தில் காட்டலாம். இந்த நன்மையை ஆசிரியர்கள் மறுக்கவில்லை. அவர்களுடைய தயக்கத்துக்குக் காரணம் வேறு.

ஒரு வீடு, ஒரு போன்

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கல்வித் தொலைக்காட்சிக்கும் செல்போனுக்கும் போயிற்று.

மேலூர், உசிலம்பட்டி பக்கம் கூலி வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரே போன். காலையில் அது அப்பாவின் சட்டைப் பையில் போய்விடும். பிள்ளைகள் மூன்று பேர். யாருக்குப் பாடம்?

கடைசியில் என்ன நடந்தது? 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" தொடங்கியது. தன்னார்வலர்கள் பிள்ளைகளின் தெருவுக்கே போய்ப் பாடம் சொன்னார்கள். போன் போகாத இடத்துக்கு மனிதர் போகவேண்டி இருந்தது!

பாடமா, பதிவா?

2022-ல் சின்ன வகுப்புகளுக்கு "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. பிள்ளைகள் எவ்வளவு படித்தார்கள் என்பதை ஆசிரியர் செல்போனில் பதியவேண்டும். வருகைப் பதிவும் செல்போனில்தான். பாடம் நடத்தும் நேரத்தைப் பதிவு வேலை தின்றுவிடுகிறது என்பது ஆசிரியர்களின் குறை.

2024-ல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கைக்கணினி கொடுத்தது. கருவி கிடைத்துவிட்டது. நேரம் கிடைத்ததா?

உலகம் சொல்வது

பக்கத்தில் செல்போன் இருந்தாலே மாணவர் கவனம் சிதறும் என்று, ஐ.நா. கல்வி அமைப்பான யுனெஸ்கோ 2023-ல் எச்சரித்தது. சுவீடன் நாடு, அச்சுப் புத்தகத்துக்கே திரும்பப் பணம் ஒதுக்கியது.

அப்படியானால் வழி என்ன? வகுப்பில் கருவி ஆசிரியர் கையில் இருக்கட்டும். பதிவு வேலை குறையட்டும். வீட்டில், பாடம் முடிந்ததும் பெற்றோர் போனை வாங்கி வைக்கட்டும்.

போன் படம் காட்டும். பிள்ளைக்குப் புரிந்ததா என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்வது, வாத்தியார்தான்!